நிலா வராத ஊரில் ஒரு சதுர்த்தி

பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போனால் கோடை, தள்ளிப் போனால் குளிர் என்று ஐம்பது வயது தாண்டும்வரை நம்பியிருந்தேன். நம்பியதோடு நிற்கவில்லை. எங்கள் குடியிருப்பின் பிளாக் நூலகத்தில் விடுமுறைப் பிள்ளைகளை உட்காரவைத்து அதையே அரை மணி நேரம் விளக்கி, கைதட்டலும் ஒரு சால்வையும் வாங்கியிருக்கிறேன். அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் நார்வே போனேன்.

நிறையப் படித்தவன் என்று நெய்வேலி நகரியத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. எந்தப் புத்தகத்தையும் முதல் நாற்பது பக்கம் ஊன்றிப் படிப்பேன். பருவங்களைப் பற்றிய உண்மை எப்போதும் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்திருக்கிறது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில். அதாவது போகியன்று நாம் மப்ளர் கட்டிக்கொண்டு பழைய பாயைக் கொளுத்துவதற்குச் சில நாள் முன்னால். இது எனக்குத் தெரிந்திருந்தால் சால்வை கிடைத்திருக்காது. என் மனைவி சாந்தா பட்டினி கிடந்திருக்கவும் மாட்டாள்.

விஷயம் இதுதான். எங்கள் மகள் நிவேதா நார்வேயின் வடக்கே ட்ரோம்சோ என்ற ஊரில் மீன்களின் வயதைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருக்கிறாள். வேலை காண்ட்ராக்ட். நெய்வேலியில் பிறந்து வளர்ந்த எவரும் இந்தச் சொல்லைக் கேட்டால் நேரே கோயிலுக்குத்தான் போவார்கள். எங்கள் ஊர்த் தெய்வங்களிடம் வந்து சேரும் வேண்டுதல்களில் முக்கால்வாசி, யாராவது ஒருவர் பர்மனெண்ட் ஆக வேண்டும் என்பதுதான். சாந்தாவும் பிளாக் பிள்ளையாரிடம் ஒரு வேண்டுதல் வைத்தாள். பன்னிரண்டு மாதம் விடாமல் சங்கடஹர சதுர்த்தி. பௌர்ணமி கழிந்து நான்காம் நாள் பகல் முழுக்கப் பட்டினி. இரவு நிலாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கொழுக்கட்டை, சாப்பாடு. நடுவில் ஒரு மாதம் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து.

பதினோரு மாதம் முடிந்திருந்தது. ஜூன் மாதத்துக்கு மகள் டிக்கெட் எடுத்து அனுப்பினாள். பன்னிரண்டாவது சதுர்த்தி அங்கேதான் வரும்.

“அங்க நிலா தெரியுமா?” என்றாள் சாந்தா.

“அந்த ஊர்ல ஜூன் மாசம் சூரியனே மறையாது சாந்தா. வானம் மூடாத ஊர். நிலாவும் அது பாட்டுக்கு இருபத்துநாலு மணி நேரமும் நிக்கும். நீ நெனச்ச நேரத்துல கும்பிட்டுக்கலாம்.”

“எதுக்கும் பாத்துச் சொல்லுங்க.”

“பாக்க என்ன இருக்கு? அறிவியல்.”

இந்த உத்தரவாதத்தை நம்பித்தான் அவள் கொழுக்கட்டை மாவைப் பெட்டியில் வைத்தாள்.

ஊர் போய்ச் சேர்ந்த அன்று கண்ணில் பட்டது வெளிச்சம். அப்புறமும் வெளிச்சம்தான். மலை உச்சிகளில் பனி ஒட்டிக்கொண்டிருக்க, கீழே பிள்ளைகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்தது, பேசி முடிந்தது, கொட்டாவி விட்டு முடிந்தது. சூரியன் மட்டும் விருந்துக்கு வந்து எழுந்து போகத் தெரியாத ஆள்போல ஜன்னலில் உட்கார்ந்திருந்தது. எதிர் வீட்டில் இரண்டு சிறுமிகள் குதித்துக் குதித்து விளையாடினார்கள். மணி பதினொன்று. அவர்களை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிட என்ன காரணம் சொல்வார்கள்? இருட்டிவிட்டது என்றா?

நெய்வேலியில் எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் செல்வராஜ் சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்ப்பவர். நைட் ஷிஃப்ட் வாரத்தில் பகலில் தூங்குவதற்காக ஜன்னல் கண்ணாடி முழுக்கச் செய்தித்தாள் ஒட்டி, அதன் மேல் ஒரு கறுப்புக் கம்பளியை மாட்டியிருப்பார். அந்த வாரம் அவர் மனைவி கலா குக்கரையே எடுக்க மாட்டாள். விசில் சத்தம் ஆகாது, சட்டியில்தான் சோறு. நான் ஆயுள் முழுவதும் ஜெனரல் ஷிஃப்ட், கோப்பும் மின்விசிறியும். செல்வராஜின் கம்பளியைப் பார்த்து எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். ட்ரோம்சோவில் முதல் இரவே சாந்தா மகளிடம் ஆணியும் சுத்தியும் கேட்டாள். ஊரிலிருந்து கொண்டுவந்த போர்வை ஜன்னலில் ஏறியது. “செல்வராஜ் வூட்டு ஐடியா” என்றாள், கலாவின் பேச்சிலேயே.

போர்வையின் ஓரத்தில் ஒரு விரல் அகலம் சந்து விட்டுப்போயிற்று. அது நேராக என் கண்ணுக்கு வந்தது. விழித்துப் பார்த்தால் கடிகாரம் இரண்டு காட்டியது. மதியம் இரண்டு மணிவரை தூங்கிவிட்டேனே என்று பதறி எழுந்தேன். மனைவியும் மகளும் படுத்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். துறைமுகத்தில் படகிலேயே இறால் வேகவைத்து விற்பார்கள் என்று முந்தின நாள் நிவேதா சொல்லியிருந்தாள். இவர்கள் எழுவதற்குள் வாங்கி வந்து அசத்தலாம் என்று சால்வையோடு பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்றேன். நல்ல வெயில். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. என்னைத் தவிர அங்கிருந்தது, வேலிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான். 

“பஸ் எப்போது வரும்?” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

“ஐந்துக்கு மேல்” என்றார் அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

“அதுவரைக்கும் பஸ்ஸே கிடையாதா? குள்ளஞ்சாவடிக்குக்கூட அரை மணிக்கு ஒன்று உண்டே!”

குள்ளஞ்சாவடியை அவர் பொருட்படுத்தவில்லை. “ராத்திரியில் பஸ் ஓடாது” என்றார்.

அப்போதுதான் புரிந்தது. கௌரவத்தை விட்டுக்கொடுக்காமல், “இரண்டு மணிக்கு நீங்கள் ஏன் பெயின்ட் அடிக்கிறீர்கள்?” என்று திருப்பிக் கேட்டேன்.

தூரிகையை டப்பாவில் தோய்த்தபடி சொன்னார்: “தூங்குவதா? குளிர்காலத்தில் தூங்குவதற்கு நிறைய நேரம் இருக்கிறது.”

அவர்கள் வெளிச்சத்தைச் சேமிக்க முடியாதவர்கள். வரும்போது முழுக்கச் செலவழிக்கிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. நெய்வேலியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரு நல்ல அரட்டையில் போய்விடும் அது.

அடுத்த சில நாட்கள் ஆனந்தமாகப் போயின. நிவேதா லீவு போட்டுவிட்டு எங்களை ஊர் சுற்றிக் காட்டினாள். இறாலைப் படகிலிருந்தே காகிதப் பையில் வாங்கி, துறைமுகப் பலகையில் உட்கார்ந்து உரித்துத் தின்றோம். சாந்தா கைப்பையிலிருந்து மிளகாய்ப்பொடியை எடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பதி ஆர்வமாகப் பார்க்க, அவர்களுக்கும் ஒரு சிட்டிகை கொடுத்தாள். அந்த ஆள் கண்ணில் நீரோடு “அருமை” என்றார். அப்படியே தண்ணீர் பாட்டிலைத் தேடினார். பழுப்பு நிறத்தில் ஒரு பாலாடைக்கட்டி அங்கே பிரபலம். தின்றால் அச்சு அசல் திரட்டுப்பால், கொஞ்சம் உப்பு விழுந்துவிட்ட திரட்டுப்பால். “இத நம்ம பிள்ளையாருக்கே வைக்கலாம்” என்று சாந்தா சான்றிதழ் கொடுத்தாள்.

சதுர்த்தியன்று காலை, சும்மா ஒரு பெருமைக்காக, நிலா உதிக்கும் நேரத்தை ஃபோனில் தேடினேன். நேரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தது. அடுத்த நாளும் கோடு. முந்தின நாட்களிலும் கோடு. கீழே சின்ன எழுத்தில், அடிவானத்துக்குக் கீழே என்றிருந்தது.

சாந்தா குளித்துவிட்டு, தண்ணீர் மட்டும் குடித்து, விரதத்தைத் தொடங்கியிருந்தாள். எதுவும் தெரியாதவனைப்போல, “மலை மேல போய்ப் பாப்போமா? உயரத்துலேர்ந்து நல்லாத் தெரியும்” என்றேன். கம்பியில் தொங்கிப் போகும் பெட்டியில் ஏறினோம். சுரங்கத்தில் மண்ணை ஏற்றிச் செல்லும் பெல்ட்டைப் பார்த்துப் பழகியவள் சாந்தா, பயப்படவில்லை. உச்சியில் கடல், தீவு, பனி எல்லாம் தெரிந்தன. நிலாவைத் தவிர.

நாயோடு வந்திருந்த ஒரு பெண்மணி, நாங்கள் நாலா திசையும் கழுத்தைத் திருப்புவதைப் பார்த்துவிட்டு, என்ன தொலைந்துபோயிற்று என்று விசாரித்தார். சந்திரன் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். “டிசம்பரில் வாருங்கள். அப்போது சூரியன் வராது, சந்திரன் போகாது” என்றார்.

“என்ன சொல்றாங்க?” என்றாள் சாந்தா.

“நாயோட பேரச் சொல்றாங்க.”

“டிசம்பர்னா பேரு?”

மகளிடமே கொஞ்சம் ஆங்கிலம் படித்துக்கொண்டவள், அவளிடம் மறைக்க முடியவில்லை. இறங்கும்போது பெட்டியில் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

வீட்டுக்கு வந்து, பாவத்துக்குப் பரிகாரமாக, நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் படித்தேன். படித்ததை நம்ப முடியாமல் செய்து பார்த்தேன். மேசை நடுவில் நிவேதாவின் சிவப்புப் பாத்திரம், அது சூரியன். வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்றை முள்கரண்டியில் சாய்வாகக் குத்தினேன், அது பூமி. பண்ருட்டியிலிருந்து மகளுக்கு வாங்கிப்போன முந்திரியில் ஒன்று நிலா.

கிழங்கின் தலை பாத்திரத்தின் பக்கம் சாய்ந்திருக்கும்படி பிடித்துச் சுற்றினால், அதன் உச்சந்தலை ஒரு சுற்று முழுக்கப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அதுதான் இந்த ஊர், அதுதான் ஜூன். கரண்டியின் சாய்வை மாற்றாமல் அப்படியே மேசையின் எதிர்ப்பக்கம் நடந்து போனேன். இப்போது அதே தலை பாத்திரத்துக்கு வெளியே சாய்ந்திருந்தது. அது டிசம்பர். தூரத்தில் ஒரு சாண்கூட வித்தியாசமில்லை, சாய்வுதான் எல்லாம். என் சால்வை தோளிலிருந்து தானாக நழுவியது.

“முந்திரி எதுக்கு?” என்றாள் சாந்தா.

“அங்கதான் விஷயமே! பௌர்ணமிய ஒட்டி நிலா எங்க இருக்கும்? சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம். கிழங்கோட தல சூரியன் பக்கம் சாஞ்சிருக்கா? அப்ப முந்திரிக்கு முதுகக் காட்டுதுன்னு அர்த்தம். எவ்வளவு சுத்தினாலும் உச்சியில இருக்கறவனுக்கு முந்திரி தெரியாது, கிழங்கோட வயிறு மறைக்கும். நெய்வேலி பாரு, இடுப்புக்குக் கொஞ்சம் மேல. அங்க இருக்கறவனுக்கு ஒரு சுத்துல பாத்திரமும் தெரியும், முந்திரியும் தெரியும். மார்கழியில பௌர்ணமி நிலா நமக்கு உச்சி மேல போகும், ஆனி மாசம் தெற்க இறங்கிப் போகும், கவனிச்சிருக்கியா? எல்லாம் இதே கணக்கு!”

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஐம்பது வருடமாக ஒரு சாய்ந்த பந்தின் மேல் உட்கார்ந்திருக்கிறேன், அது எனக்கு இன்றுதான் தெரிகிறது.

“மொதல்ல அந்த முந்திரியக் கீழ வைங்க” என்றாள் சாந்தா. “பாத்தாப் பசிக்குது.”

வைத்தேன்.

“எப்பதான் வரும் இங்க?”

“மூணு நாலு நாள்ல மலைக்கு மேல எட்டிப் பாக்கும்.”

“சரி. மூணு நாலு நாள் ஆகட்டும்” என்று எழுந்து போய்ச் சோபாவில் சாய்ந்துகொண்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானப்படுத்தலாம். நிதானமாகச் சொன்னாள்.

வேலை முடிந்து வந்த நிவேதா விஷயம் கேட்டு அலறினாள். “அம்மா! ஐப்பசி மாசம் மேகமா இருந்தப்ப காலண்டர்ல மணி பாத்துட்டுச் சாப்டியே! இப்ப மட்டும் என்ன?”

“மேகம்னா அது திரைதாண்டி. பின்னால நிலா வந்து நின்னுகிட்டிருக்கும். இங்க அது டூட்டிக்கே வரலையே.”

“எனக்காக நீ பட்டினி கெடக்க வேணாம்மா.”

“பதினோரு மாசம் கெடந்தாச்சு. இப்ப விட்டா உன் வேலை என்னாகறது?”

நிவேதா என்னைப் பார்த்தாள். ஒரு மீனின் வயதை அறிய அதன் காதெலும்பில் வளையங்களை எண்ணும்போது அவள் பார்க்கும் பார்வையாக இருக்க வேண்டும். என் வயதுக்கு இவ்வளவுதான் அறிவா என்று கணக்கிட்டாள்.

அந்த நேரத்தில் சாந்தாவின் ஃபோன் பாடியது. வீடியோவில் கலா. அங்கே இரவு ஒன்பது தாண்டியிருந்தது. பின்னால் எங்கள் தெருவிளக்கும், அதன் கீழ் ஹெல்மெட்டோடு செல்வராஜும்.

“அக்கா, சாப்டீங்களா? கோயில்ல ஐயரு உங்களத்தான் கேட்டுகினு இருந்தாரு. கடைசி மாசமாச்சே, எங்க காணமேன்னு.”

சாந்தா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். “கலா, அங்க நிலா வந்துடுச்சா?”

“வந்திருக்கும்க்கா. எங்க தெரிது? பிளாக்கு பூரா மரமாக் கெடக்குது. நம்ம வூட்டு மாடி மேல ஏறினாக்கூட வேப்பமரந்தான்.”

சாந்தா ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு ஒரு தீர்ப்புச் சொன்னாள். “என் வேண்டுதல் நம்ம பிளாக் பிள்ளையாருக்கு. அவருக்கு நார்வே நிலாவோட என்ன சம்பந்தம்? நம்ம ஊர் நிலாவ எனக்குக் காட்டுடி.”

“ரெண்டும் ஒரே நிலாதான், பூமியோட சாய்வுனால…” என்று தொடங்கினேன்.

“நீங்க சும்மா இருங்க” என்றார்கள் அம்மாவும் மகளும்.

கலா திரும்பிப் பார்த்தாள். “ஏங்க, ஷிஃப்டுக்கு நேரமிருக்குதா?”

“ஏறு ஏறு” என்றது செல்வராஜின் குரல். “மரமில்லாத எடமா ஒரு ரவுண்டு போயிட்டு உன்ன வூட்ல வுட்டுட்டு நான் போறேன்.”

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் வெளிநாட்டுப் பயணத்தின் மிகச் சிறந்த பயணம். நார்வேயில் வெயில் கண்ணைக் குத்த, மூன்று பேரும் போர்வை மறைத்த அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு, நெய்வேலி ரோட்டில் வண்டியில் போனோம். கலா பின்னால் உட்கார்ந்து ஃபோனை வானத்துக்கு நீட்டியிருந்தாள். மரங்கள் ஓடின. ஒரு நாய் துரத்திவிட்டுத் திரும்பியது. செல்வராஜின் சாப்பாட்டுக் கேரியர் ஒவ்வொரு வேகத்தடையிலும் கணீரென்றது.

“அக்கா, அக்கா, இதாங்கா!”

சாந்தா கைகூப்பினாள்.

“ஏ, அது ஹைமாஸ்ட் லைட்டு” என்றார் செல்வராஜ்.

கூப்பிய கையை இறக்கினாள். இன்னும் கொஞ்ச தூரத்தில் மறுபடி, “இதுக்கா?” அது அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியின் சிவப்பு விளக்கு. பிறகு படம் உறைந்துபோய், திரை முழுக்கக் கலாவின் மூக்குத்தி மட்டும் வெகுநேரம் நின்றது. “இதையே கும்பிட்டுக்கோம்மா, நல்லாத்தான் ஜொலிக்குது” என்றாள் நிவேதா. அன்றைக்கு முதல்முறையாகச் சாந்தா சிரித்தாள்.

படம் திரும்பி வந்தபோது வண்டி நின்றிருந்தது. எதிரே சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண்மேடு, இருட்டில் ஒரு மலைபோல. அதன் மேல் மேகம். 

“கொஞ்சம் இருங்கக்கா, வெலகிகினு இருக்குது” என்றாள் கலா.

“மணி ஆவுதுடி, பஞ்ச் பண்ணணும்” என்றார் செல்வராஜ். ஆனால் வண்டியைக் கிளப்பவில்லை.

மேகத்தின் ஓரம் வெளுத்தது. பிறகு மண்மேட்டின் தோள் மேல் அது வந்தது. ஒரு பக்கம் லேசாகத் தேய்ந்து, பலாச்சுளை நிறத்தில், ஃபோன் திரையில் ஒரு முந்திரி அளவுக்கு.

சாந்தா ஃபோனைப் பழுப்புப் பாலாடைக்கட்டி மேல் சாய்த்துவைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். நான் போர்வையின் சந்து வழியாக வெளியே பார்த்தேன், சூரியன். திரும்பி ஃபோனைப் பார்த்தேன், ராத்திரி. கிழங்கின் உச்சியில் நாங்கள், இடுப்பில் அவர்கள். நடுவில் இவ்வளவு பெரிய வயிறு. அதைச் சுற்றிக்கொண்டு நிலா எங்கள் வீட்டு மேசைக்கு வந்துவிட்டது. 

“கும்புட்டாச்சாக்கா? என்னை ஆப்சென்ட் போட்டுருவாங்க” என்றார் செல்வராஜ்.

“ஆச்சு தம்பி. நல்லா இருப்பீங்க, போங்க.”

கொழுக்கட்டையில் அன்று வெல்லம் கொஞ்சம் தூக்கல். ஆறு சாப்பிட்டேன். சாந்தா எட்டு.

ஊர் திரும்பிச் சில வாரம் கழித்து நிவேதா அழைத்தாள். காண்ட்ராக்டை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டியிருக்கிறார்களாம். சாந்தா பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் என்று கிளம்ப, நான் பதினொன்றுக்கு இறக்கினேன். அன்று மாலை செல்வராஜும் கலாவும் வந்திருந்தார்கள். நார்வே சாக்லேட்டைக் கொடுத்துவிட்டு, பூமியின் சாய்வைப் பற்றி விரிவாக எடுத்துச் சொன்னேன். டிசம்பரில் அங்கே பௌர்ணமி நிலா நாள் முழுக்க மறையாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

கலா வாயில் சாக்லேட்டோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப அடுத்த வாட்டி மார்கழில போங்கக்கா. எழுந்த ஒடனே நிலாவப் பாத்துகினு காலையிலயே டிபன் சாப்டுடலாம்” என்றாள்.

இந்த யோசனை எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று வியந்து, செல்வராஜைப் பார்த்து, “எப்படியோ, வேண்டுதல் பலிச்சுடுச்சு பாத்தீங்களா?” என்றேன்.

அவர் சாக்லேட் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“எங்க சார் பலிச்சிது? ஃபோன்ல பாத்த நெலாவுக்குப் பிள்ளையாரு எக்ஸ்டென்ஷன்தான் குடுத்திருக்காரு. பர்மனெண்ட் வேணும்னா நேர்ல பாத்திருக்கணும்.”